கிளை அலுவலகத்து இணையத் தொலைபேசி: அறிகுறியைக் கேட்டுக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

“போன் வேலை செய்யல” என்று கிளையிலிருந்து தகவல் வரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. மணியே அடிக்கவில்லையா? மணி அடித்தும் பேச்சு கேட்கவில்லையா? பேசிக்கொண்டிருக்கும்போது அறுந்துபோனதா? எத்தனையாவது நொடியில் அறுந்தது? யார் பேசியது யாருக்குக் கேட்கவில்லை? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கருவிகளைத் திறப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு நிதி நிறுவனங்களிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. தலைமை அலுவலகம் கோவையில். அங்கே ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள் ஓடும் ஒரு சர்வர், அதை நிர்வகிக்க ஃப்ரீபிபிஎக்ஸ். வால்பாறை, கூடலூர், சங்கரன்கோவில் மாதிரியான ஊர்களில் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஃபைபர் மோடம், ஒரு சின்ன ரவுட்டர், கேபிள் வழியாகவே போனுக்குக் கரண்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச், நான்கைந்து ஐபி போன்கள். கிளையில் டெக்னீஷியன் கிடையாது. நமக்குக் கண்ணாகவும் கையாகவும் இருக்கப்போவது காசாளரோ மேலாளரோதான். அவர் முன்னால் வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால் தேவையான கேள்வியை மட்டும், அவருக்குப் புரியும் சொல்லில் கேட்க வேண்டும்.

சிக்னல் ஒரு வழி, குரல் ஒரு வழி

இணையத் தொலைபேசியில் ஒரு அழைப்புக்கு இரண்டு தனித்தனிப் போக்குவரத்து உண்டு. “உன்னைக் கூப்பிடுகிறேன், மணி அடி, எடுத்துவிட்டேன், வைத்துவிட்டேன்” என்ற பேச்சுவார்த்தையை நடத்துவது சிப் நெறிமுறை. வழக்கமாக 5060 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், போகும். டிஎல்எஸ் குறியாக்கம் போட்டிருந்தால் 5061. உண்மையான குரல் ஆர்டிபி என்ற பெயரில் வேறு போர்ட்டுகளில் போகும். ஆஸ்டரிஸ்க்கில் அது பொதுவாக 10000 முதல் 20000 வரை. மணி அடிக்கிறது, எடுத்தால் அமைதி என்றால் முதல் வழி சரி, இரண்டாவது அடைபட்டிருக்கிறது. எந்தப் புகார் வந்தாலும் எந்த வழி பழுது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எடுத்தவுடன் “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று சொல்லாதீர்கள். ரவுட்டர் தன் நினைவில் வைத்திருக்கும் இணைப்புப் பட்டியல் முழுக்க அழிந்து, பிரச்சினை சில மணி நேரம் மறைந்துவிடும். காரணமும் கூடவே மறைந்துவிடும். மறுநாள் அதே புகார் வரும்போது நம் கையில் ஒன்றும் இருக்காது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

முதல் சோதனை: ஸ்டார் 43

ஃப்ரீபிபிஎக்ஸில் ஸ்டார் 43 அடித்தால் எதிரொலிச் சோதனை வரும். பேசியதை சர்வர் அப்படியே திருப்பி அனுப்பும்.

“அக்கா, ஸ்டார் நாலு மூணு அடிச்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க. உங்க குரல் திரும்ப வருதா?”

“வருது தம்பி. ஆனா நடுவுல ‘நாலு’ முழுங்கிடுச்சு.”

இந்த ஒரு பதிலிலேயே நிறைய இருக்கிறது. போன் சர்வரில் பதிவாகியிருக்கிறது, சிக்னல் போகிறது, குரல் இரு திசையிலும் போய்வருகிறது, ஆனால் குரலைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டான பாக்கெட் தொலைகிறது. குரல் திரும்பவே இல்லை என்றால் கிளைக்கும் கோவைக்கும் இடையில்தான் கோளாறு. இங்கே எல்லாம் சுத்தமாக இருந்து வெளி எண்களில் மட்டும் பிரச்சினை என்றால் கிளையை விட்டுவிட்டு, கோவையிலிருந்து தொலைபேசி நிறுவனத்துக்குப் போகும் டிரங்கைப் பாருங்கள்.

“ரிசீவரை எடுத்தா டோன் வருது” என்று சொல்வார்கள். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய தரைவழிப் போனில் டோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. ஐபி போனில் டோனைப் போனே உண்டாக்குகிறது. திரையில் எக்ஸ்டென்ஷன் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதிவாகியிருக்கிறதா இல்லையா என்பதை அதுதான் சொல்லும்.

கிளையில் எந்தப் போனும் பதிவாகவில்லை

மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மினுக்கினால் ஃபைபரில் ஒளி வரவில்லை. உடனே இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். போனில் எதையும் நோண்ட வேண்டாம்.

இணையம் வருகிறது, கணினியில் பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் ஒரு போனும் பதிவாகவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது சர்வரில் உள்ள ஃபெயில்டுபேன் பட்டியல். தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப வரும் ஐபி முகவரியைத் தடை செய்யும் பாதுகாப்பு மென்பொருள் அது. இயல்பு அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தவறு நடந்தால் 10 நிமிடத் தடை. கிளையில் இருக்கும் எல்லாப் போன்களும் ரவுட்டரின் ஒரே பொது முகவரியில்தான் வெளியே வருகின்றன. ஒரு போனில் பழைய கடவுச்சொல் கிடந்தாலும் அது விடாமல் முயன்று மொத்தக் கிளையையும் தடைப்பட்டியலில் ஏற்றிவிடும். இதன் அடையாளம் தெளிவானது: எல்லாம் சாகும், கொஞ்ச நேரத்தில் தானாக வரும், மறுபடி சாகும். உறுதி செய்ய, மடிக்கணினியை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே சர்வரைத் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து கிடைத்து, கிளை இணையத்திலிருந்து மட்டும் கிடைக்கவில்லை என்றால் தடைதான் என்று நினைத்து சர்வரில் பாருங்கள்.

தடையை நீக்கி, கிளையின் முகவரியை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது உடனடித் தீர்வு. ஆனால் சிறு ஊர் இணைப்புகளில் பொது முகவரி அடிக்கடி மாறும். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் இணைய நிறுவனமே பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் விலக்குப் பட்டியல் நிற்காது. கிளைக்கும் கோவைக்கும் இடையே வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே ஒரு தனிச் சுரங்கவழி, போட்டு, போன்களை அதன் வழியாக அனுப்புவதே நிலையான வழி. அப்படிச் செய்தால் 5060 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகும். என்னைக் கேட்டால், புதிதாகக் கிளை திறப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

வயர்கார்டு போட்ட பிறகு ஒரு எச்சரிக்கை. கோவையின் முகவரியை டொமைன் பெயராகக் கொடுத்திருந்தால், சுரங்கம் தொடங்கும்போது மட்டும்தான் அது பெயரைத் தேடி முகவரியாக்கும். கோவை முகவரி மாறினால் கிளைகள் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

ஒரு போன் மட்டும் பதிவாகவில்லை

கேபிள், ஸ்விட்ச் போர்ட், கடவுச்சொல் என்ற வரிசையில் பாருங்கள். பக்கத்து மேசைப் போனின் கேபிளை எடுத்து இதில் செருகச் சொன்னால் போதும், பாதி தெரிந்துவிடும். சர்வர் பதிவேட்டில் 401 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். முதல் கோரிக்கைக்கு “கடவுச்சொல் கொடு” என்று சர்வர் கேட்பதுதான் அது. எல்லாப் போனுக்கும் வரும். 401 வந்த பிறகும் மறுபடி மறுபடி 401 அல்லது 403 வந்தால்தான் கடவுச்சொல் தவறு. போன் 408 காட்டினால் பதிலே வரவில்லை, கோளாறு வலையமைப்பில்.

போனின் மெனுவில் ஐபி முகவரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மற்ற போன்கள் 192.168.20 வரிசையில் இருக்க, இது மட்டும் 192.168.0 வரிசையில் இருந்தால், யாரோ வைஃபைக்காக வாங்கிவந்த ரவுட்டரை ஸ்விட்சில் செருகியிருக்கிறார்கள். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் வேறு வேறு போன் காணாமல் போகும் வினோதத்துக்கு இது ஒரு பழைய காரணம்.

அதேபோல ஐபி போனின் பின்னால் இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று ஸ்விட்சுக்கு, ஒன்று கணினிக்கு. மேசையைத் துடைத்தவர் தொங்கிக்கொண்டிருந்த கேபிளை நல்லெண்ணத்தில் சுவரில் செருகிவிட்டால் இரண்டும் ஒரே ஸ்விட்சுக்குப் போய் வளையமாகிவிடும். அப்போது போன் மட்டுமல்லாமல் கணினி, பிரிண்டர் எல்லாமே நிற்கும். ஸ்விட்சின் விளக்குகள் அத்தனையும் ஒரே வேகத்தில் துடிக்கும்.

கால் போகிறது, ஆனால் வருவதில்லை

“நாங்க கூப்பிட்டா போகுது. எங்களை யாரும் கூப்பிட முடியல.” இதைக் கேட்டவுடன் இன்னொரு கேள்வி: “நீங்க ஒரு கால் போட்டு வச்ச உடனே கூப்பிட்டா வருதா?” வருகிறது என்றால் விடை கிடைத்துவிட்டது.

கிளைப் போன் சர்வரிடம் பதிவாகும்போது ரவுட்டர் அந்தப் பேச்சுக்காக ஒரு வழியைத் திறந்துவைக்கிறது. சிப் வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிபி என்ற போக்குவரத்து நின்றால் பல ரவுட்டர்கள் அரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள் அதை மூடிவிடும். போனோ 3600 நொடிக்கு ஒருமுறைதான் மறுபதிவு செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் சர்வர் அனுப்பும் அழைப்பு மூடிய கதவில் மோதி நிற்கும். போன் வெளியே ஒரு அழைப்பு போட்டதும் கதவு திறக்கும், கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் சரியாக இருக்கும்.

தீர்வு எளிது. வழி மூடாமலிருக்க போன் அவ்வப்போது அனுப்பும் சிறு செய்திதான் கீப் அலைவ்; போனில் அதன் இடைவெளியை 25 அல்லது 30 நொடியாக வையுங்கள். சர்வர் பக்கம், போன் இருக்கிறதா என்று சோதிக்கும் இடைவெளியான குவாலிஃபை ஃப்ரீக்வன்சி 60 என்றிருந்தால் அதையும் 30 ஆக்குங்கள். மறுபதிவுக் காலத்தை 120 நொடிக்குக் குறைக்கலாம். விபிஎன் வழியாகப் போகிறது என்றால் வயர்கார்டில் கீப் அலைவ் 25 நொடி என்று போட்டாலே போதும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

கிளைகளில் அதிகம் வாட்டுவது இதுதான், குழப்புவதும் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அழைப்பு தொடங்கும்போது ஒவ்வொரு போனும் “என் குரலுக்கான பதில் குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு” என்று சிப் செய்திக்குள் எழுதி அனுப்புகிறது. கிளைப் போனுக்குத் தெரிந்த தன் முகவரி 192.168.20.23. அதையே எழுதி அனுப்பிவிடுகிறது. கோவையில் அந்த முகவரிக்கு அனுப்பினால் எங்கே போகும்? கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைப் போடாமல் ‘மாடி அறை’ என்று மட்டும் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த மாதிரிதான்.

இதைக் கண்ணால் பார்க்க, சர்வரில் எஸ்என்கிரெப் என்ற கருவியைத் திறந்து, அந்த அழைப்பைத் தேர்ந்தெடுத்து, இன்வைட் செய்தியின் அடிப்பகுதிக்குப் போங்கள். சி என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு வரியில் முகவரி இருக்கும். எம் என்று தொடங்கும் வரியில் ஆடியோ என்ற சொல்லும் போர்ட் எண்ணும் இருக்கும். சர்வர் அனுப்பும் 200 ஓகே செய்தியிலும் அதே இரண்டு வரிகளைப் பாருங்கள். மறுமுனையால் எட்ட முடியாத முகவரி எந்தச் செய்தியில் இருக்கிறதோ, அதை அனுப்பியவருக்குத்தான் குரல் கேட்காது.

ஆக, கிளைக்குக் கோவையின் குரல் கேட்கவில்லை என்றால் கிளை கொடுத்த முகவரி தவறு, அல்லது கிளை ரவுட்டர் உள்ளே வரும் குரலைத் தடுக்கிறது. கோவைக்குக் கிளையின் குரல் கேட்கவில்லை என்றால் சர்வர் கொடுத்த முகவரி தவறு, அல்லது கோவை ஃபயர்வால் தடுக்கிறது.

சர்வரின் முகவரி தவறு என்றால் ஃப்ரீபிபிஎக்ஸில் சிப் அமைப்புகளில் வெளி முகவரியும் உள் வலையமைப்புகளும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விபிஎன் போட்டிருந்தால் கிளைகளின் உள்முகவரி வரிசைகளையும் உள் வலையமைப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சர்வர் விபிஎன் வழியாக வந்த போனுக்கும் தன் பொது முகவரியைக் கொடுக்கும். குரல் ஒரு வழியிலும் சிக்னல் ஒரு வழியிலும் போய் இடையில் மாட்டும்.

கிளையின் முகவரி தவறு என்றால், அந்த எக்ஸ்டென்ஷனில் ஆர்டிபி சிமெட்ரிக், ரீரைட் கான்டாக்ட், ஃபோர்ஸ் ஆர்போர்ட் மூன்றும் ஆன் ஆகியிருக்க வேண்டும். செய்தியில் எழுதியிருக்கும் முகவரியை நம்பாமல், பாக்கெட் உண்மையில் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே சர்வர் பதிலை அனுப்ப இவை வழி செய்கின்றன.

அடுத்து, கிளை ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற வசதி. சிப் செய்தியைத் திறந்து முகவரியைத் திருத்தி உதவ வேண்டும் என்பது அதன் நோக்கம். நடைமுறையில் பாதியைத் திருத்திப் பாதியை விட்டுவிடும். சர்வரே சரிசெய்துகொள்ளும் இன்றைய அமைப்புக்கு அது தேவையே இல்லை. ஆராய்ச்சி செய்யாமல் அணைத்துவிடுங்கள். மைக்ரோடிக் ரவுட்டரில் ஃபயர்வால் பகுதியில் சர்வீஸ் போர்ட்ஸ் என்ற தாவலில் சிப் வரியை டிசேபிள் செய்ய வேண்டும். இணைய நிறுவனம் கொடுத்த மோடத்தில் இந்த அமைப்பு மறைந்திருந்தால், மோடத்தை வெறும் கடத்தியாக மட்டும் வைக்கும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி நம் ரவுட்டரிலேயே பிபிபிஓஇ என்ற உள்நுழைவு இணைப்பை வைத்துக்கொள்வது நல்லது. கேட்டால் செய்துகொடுப்பார்கள், விடாமல் கேட்க வேண்டும்.

“எப்பவாவது மட்டும் கேக்கல, மத்த நேரம் நல்லா இருக்கு” என்றால் போர்ட் வரம்பைப் பாருங்கள். சர்வர் 10000 முதல் 20000 வரை பயன்படுத்த, ஃபயர்வாலில் 10000 முதல் 15000 வரை மட்டும் திறந்திருந்தால், அழைப்புக்குக் கிடைக்கும் போர்ட்டைப் பொறுத்து ஒரு கால் நன்றாகவும் ஒரு கால் ஊமையாகவும் இருக்கும்.

கிளையிலிருந்து கோவைக்குப் பேச முடிகிறது, கிளைக்கும் கிளைக்கும் இடையில் மட்டும் குரல் இல்லை என்பது தனி வகை. அழைப்பு அமைந்ததும் சர்வர் விலகிக்கொண்டு, இரண்டு போன்களையும் நேரடியாகப் பேசவிடப் பார்க்கிறது. வால்பாறைக்கும் கூடலூருக்கும் நேர் வழி இல்லை. இரண்டும் கோவையோடு மட்டும்தான் இணைந்திருக்கின்றன. டைரக்ட் மீடியாவை நோ ஆக்கினால் குரல் கோவை வழியாகவே போகும், தீர்ந்தது. அப்படியும் சரியாகவில்லை என்றால் இரண்டு கிளையிலும் ஒரே முகவரி வரிசை ஓடுகிறதா என்று பாருங்கள். கடையில் வாங்கிய ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டினால் எல்லாக் கிளையும் 192.168.1 வரிசையில்தான் இருக்கும். கிளைக்கு ஒரு எண் ஒதுக்கி, வால்பாறைக்கு 192.168.20, கூடலூருக்கு 192.168.21 என்று வரிசை கொடுத்து எழுதிவையுங்கள்.

சரியாக அரை நிமிடத்தில் அறுகிறது

“எடுத்துப் பேச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல கட் ஆகுது” என்பார்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் 32 நொடியில் அறுந்தால் அது தற்செயல் இல்லை.

அழைப்பை எடுத்தவர் பக்கமிருந்து 200 ஓகே போகும். கூப்பிட்டவர் பக்கமிருந்து “கிடைத்தது” என்று ஆக் செய்தி வர வேண்டும். அது வராவிட்டால் 200 ஓகே மறுபடி மறுபடி அனுப்பப்படும், அரை நொடி, ஒரு நொடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். சிப் நெறிமுறையில் அடிப்படைக் கால அளவு அரை நொடி. அதன் 64 மடங்கான 32 நொடி வரை காத்திருந்துவிட்டு அழைப்பைத் துண்டித்துவிடும். குரல் தனி வழியில் போவதால் அதுவரை பேச்சு நன்றாகவே கேட்கும். எஸ்என்கிரெப் திரையில் 200 ஓகே அம்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே திசையில் அடுக்கி நிற்பதையும், எதிர்த் திசையில் ஆக் அம்பு இல்லாததையும் பார்க்கலாம். காரணம் பெரும்பாலும் கான்டாக்ட் வரியில் இருக்கும் தவறான உள்முகவரி அல்லது மறுபடியும் அந்த சிப் ஏஎல்ஜி.

15 நிமிடத்தில் அறுகிறது என்றால் வேறு கதை. நீண்ட அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சிப் இடையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளும். வழக்கமான 1800 நொடிக் காலத்தில் பாதி, அதாவது 900 நொடி ஆனதும் புதுப்பிக்கும் செய்தி போகும். அந்தச் செய்தி கிளையை அடையாமல் போனாலோ பதில் திரும்பாமல் போனாலோ அழைப்பு துண்டிக்கப்படும். கீப் அலைவைச் சரிசெய்தால் இதுவும் பெரும்பாலும் சரியாகும்.

குரல் விட்டு விட்டு வருகிறது

யாருக்கு விட்டு விட்டு வருகிறது? “எங்களுக்கு நல்லா கேக்குது, அவங்கதான் கட் கட் ஆகுதுங்கறாங்க” என்று கிளை சொன்னால் கிளையின் அப்லோடு நிறைந்திருக்கிறது.

100 எம்பி லைன் போட்டிருக்கிறோமே என்று மேலாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். குரலைத் தரவாக்கும் முறைகளில் (கோடெக்) ஒன்றான ஜி.711-இல் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 50 பாக்கெட்; ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், மேலே 40 பைட் தலைப்பு. ஈதர்நெட்டில் மொத்தம் 87 கிலோபிட் அளவில் வரும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை மெகாபிட்டைத் தாண்டாது. லைனின் அகலம் போதாமல் குரல் உடைவதில்லை. சிசிடிவி கேமரா கிளவுடுக்கு ஏற்றும் படமும், மாலையில் கணக்கு முடித்ததும் ஓடும் பேக்கப்பும் ரவுட்டரின் வரிசையை நிரப்பிவிட, குரல் பாக்கெட் அதன் பின்னால் நின்று தாமதமாகிறது. தாமதமாக வரும் குரல் பாக்கெட் பயனற்றது, போன் அதைக் கீழே போட்டுவிடும்.

கிளைக் கணினியிலிருந்து சர்வருக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டு, பேக்கப்பைத் தொடங்கிப் பாருங்கள். 20 மில்லி நொடியில் இருந்த விடை 300, 400 என்று ஏறினால் சந்தேகமே வேண்டாம். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

ரவுட்டரில் அப்லோடு வேகத்தை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்கு மட்டுப்படுத்துங்கள். அப்போதுதான் வரிசை இணைய நிறுவனத்தின் மோடத்தில் உருவாகாமல் நம் கையில் இருக்கும். அந்த வரிசையில் குரலுக்கு முதலிடம் கொடுங்கள். போன்கள் குரல் பாக்கெட்டில் 46 என்ற டிஎஸ்சிபி முன்னுரிமை எண்ணை இடும், அதை வைத்துப் பிரிக்கலாம். கேக் அல்லது எஃப்கியூ கோடெல் வரிசை முறை உள்ள ரவுட்டர் என்றால் இன்னும் எளிது. பேக்கப்பை இரவுக்குத் தள்ள முடிந்தால் அதையும் செய்யுங்கள், காசு செலவே இல்லை.

இதெல்லாம் செய்தும் உடைகிறது என்றால் கோவை சர்வரில் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து வயர்ஷார்க்கில் ஆர்டிபி ஓட்டங்களைப் பாருங்கள். கிளையிலிருந்து வரும் ஓட்டத்திலேயே இழப்பு தெரிந்தால் கிளையோ அதன் இணைய நிறுவனமோ காரணம். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு பேசினால் இணைய நிறுவனமும் “ஸ்பீடு டெஸ்ட் நல்லாத்தானே இருக்கு” என்று தட்டிக்கழிக்க முடியாது.

சின்னச் சின்ன அறிகுறிகள்

தன் குரலே தனக்குத் திரும்பக் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் கோளாறு அவர் போனில் இல்லை, எதிர்முனையில். அங்கே ஸ்பீக்கர் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். எதிர்முனை பழைய செம்புக் கம்பி லைனில் மாட்டிய கேட்வே என்றால் அதன் எதிரொலி நீக்கும் அமைப்பைப் பாருங்கள்.

வங்கியைக் கூப்பிட்டு “தமிழுக்கு 2 அழுத்தவும்” என்றால் அழுத்தியது போய்ச் சேரவில்லை என்றால், டிடிஎம்எஃப் முறை, அதாவது அழுத்திய எண்ணை அனுப்பும் முறை, போனிலும் சர்வரிலும் டிரங்கிலும் ஒன்றாக, ஆர்எஃப்சி 2833 அல்லது அதன் பின்வந்த 4733 என்று இருக்க வேண்டும். குரலோடு கலந்து அனுப்பும் முறையில் ஜி.729 கோடெக் அந்த ஒலியைச் சிதைத்துவிடும்.

எண்ணைப் போட்டவுடன் 488 என்று அறுந்தால் இரு பக்கத்துக்கும் பொதுவான கோடெக் இல்லை. இந்தியத் தொலைபேசி வலையமைப்பு ஜி.711-இன் ஏ-லா வகையைப் பின்பற்றுவது; வேறு நாட்டுக்கான அமைப்போடு வந்த போனில் மியூ-லா மட்டும் இருந்தால் ஏ-லாவைச் சேருங்கள்.

பதிவாகிறது, கால் வருகிறது, ஆனால் போட்டால் மௌனம்

இது எளிதில் பிடிபடாது. பதிவுச் செய்தி சின்னது. இன்வைட் செய்தி பெரியது. அதில் கோடெக் பட்டியல், வீடியோ, குறியாக்கம் எல்லாம் சேர்ந்தால் 1500 பைட்டைத் தொட்டுவிடும். பிபிபிஓஇ இணைப்பில் ஒரு பாக்கெட்டுக்கு 1492 பைட்தான் இடம். வயர்கார்டில் வழக்கமாக 1420. பெரிய யூடிபி செய்தி இரண்டாக உடைந்து போகும், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் இரண்டாம் துண்டைத் தூக்கி எறியும். சர்வரில் ஒன்றும் வந்ததாகவே தெரியாது. போன் 32 நொடி காத்திருந்துவிட்டு 408 காட்டும்.

போனில் பயன்படுத்தாத கோடெக்குகளை நீக்கி, வீடியோவை அணைத்துப் பாருங்கள். உடனே கால் போனால் இதுதான். சிப் நெறிமுறையே 1300 பைட்டுக்கு மேற்பட்ட செய்திக்கு டிசிபி போன்ற போக்குவரத்தைப் பயன்படுத்தச் சொல்கிறது. சிக்னலை டிசிபி அல்லது டிஎல்எஸ்ஸுக்கு மாற்றுவது நிரந்தரத் தீர்வு.

கரண்ட் போய் வந்த பிறகு, லைன் மாறிய பிறகு

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைக் கிளைகளில் கரண்ட் போவதும் ஃபைபர் அறுவதும் வழக்கம். கிளைக்கு நேரில் போகும்போது யுபிஎஸ்ஸில் என்னென்ன செருகியிருக்கிறது என்று கேபிளைக் கையால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். கணினிகள் எல்லாம் யுபிஎஸ்ஸில் இருக்கும். ஃபைபர் மோடம் மட்டும் வாசல் பக்கம் நேரடி மின்சாரத்தில் தொங்கும். மோடம், ரவுட்டர், பிஓஇ ஸ்விட்ச் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருந்தால்தான் போன் பேசும்.

கரண்ட் வந்தபின் போன் நேரம் தவறாகக் காட்டி, டிஎல்எஸ்ஸில் பதிவாக மறுத்தால், கடிகாரம் பின்னோக்கிப் போய்ச் சான்றிதழை “இன்னும் தொடங்காதது” என்று நினைக்கிறது. நேர சர்வர் முகவரியை, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி வழியாகவே போனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஃபைபர் அறுந்து ரவுட்டர் 4ஜி லைனுக்கு மாறிவிட்டது, கணினியில் இணையம் வருகிறது, போன் மட்டும் வரவில்லை. இதற்குக் காரணம் அந்தக் கீப் அலைவ்தான். ஃபைபர் வெளியே தெருவில் அறுந்தாலும் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையிலான கேபிள் உயிரோடு இருப்பதால், பழைய இணைப்புகளை ரவுட்டர் தானாக அழிக்காமல் வைத்திருக்கக்கூடும். போன் 30 நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருப்பதால் அந்தப் பதிவு காலாவதியும் ஆகாது. பழைய லைனின் முகவரியிலேயே பாக்கெட் வெளியேறித் தொலைந்துபோகும். ரவுட்டரின் இணைப்புப் பட்டியலில் கோவை சர்வரின் முகவரியைத் தேடி, அந்த வரிகளை அழியுங்கள். போன்கள் சற்று நேரத்தில் பதிவாகிவிடும். லைன் மாறும்போதெல்லாம், ஃபைபருக்குத் திரும்பும்போதும், இதைத் தானாகச் செய்யும் சிறு ஸ்கிரிப்டை ரவுட்டரில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, கிளைப் போனிலிருந்து 112 அல்லது 108 அடித்தால் என்ன ஆகும் என்று பார்த்து வையுங்கள். அழைப்பு கோவை டிரங்க் வழியாகப் போகிறது. உதவி மையத்துக்குத் தெரியும் எண் கோவை அலுவலகத்தின் பெயரில், கோவை முகவரியில் பதிவானது. இணையம் இல்லாத நேரத்தில் அழைப்பே போகாது. ஒவ்வொரு கிளையிலும் சார்ஜ் ஏற்றிய ஒரு சாதாரண செல்போன் பொது இடத்தில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு அதைத்தான் எடுக்க வேண்டும் என்று, உள்ளூர்க் காவல் நிலைய எண், மருத்துவமனை எண்ணோடு சேர்த்து ஐபி போனின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.